பூதக்கண்ணாடிக்குத் தப்பியது

விமானம் கிளம்புவதற்கு முன் அதைச் சுற்றிவந்து பழுது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எஞ்சின் பிளேடில் நகக்கண் அளவு கீறல் இருந்தாலும் மனுஷன் விடமாட்டார். டயரில் ஒரு வெட்டைப் பார்த்துவிட்டால், எந்த விமானி வந்து கெஞ்சினாலும் பருப்பு வேகாது.

மனைவி செத்துச் சில மாதம் ஆகிறது. அழுதாரா என்று கேட்டால், இல்லை. எதுவுமே உறைக்கவில்லை. மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, யார் லீவு கேட்டாலும் அவர்கள் ஷிப்டையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போக அவருக்குப் பயம். ஷிப்ட் இருக்கிறவரை போகவேண்டாம், அவ்வளவுதான். இதைப் பார்த்து எல்லோரும் பொறுப்பான ஆள் என்று மெச்சினார்கள். பொறுப்பாம் பொறுப்பு!

அன்று மதியம் சக்கரத்தடியில் குனிந்து டார்ச் அடித்தார். பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்ட அங்கே ஒரு சின்ன பின் நீட்டிக்கொண்டிருக்கும். தேயத் தேய அது உள்ளே போகும். நன்றாகவே நீட்டிக்கொண்டிருந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டார். பயணிகள் ஏற ஆரம்பித்தார்கள்.

நாலு எட்டு வைத்த பிறகுதான் தோன்றியது, பிரேக் போட்டிருந்ததா? போட்டிருக்கும்போது பார்த்தால்தான் அந்த அளவு நிஜம். இல்லாவிட்டால் தேய்ந்து ஓய்ந்த பிரேக்கும் புதுமாப்பிள்ளை மாதிரி மிடுக்காக நிற்கும். வேலைக்குச் சேர்ந்ததுமே சொல்லித்தருகிற பாடம் இது.

பதறிப்போகவேண்டிய இடம். ஒன்றும் ஆகவில்லை. இத்தனை பேர் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், தனக்கு ஒன்றுமே ஆகவில்லையே என்று தன்னையே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஹெட்செட்டை மாட்டி விமானியைக் கூப்பிட்டார்.

"சார், பார்க்கிங் பிரேக் போட்டிருக்கீங்களா?"

"இல்லையே. சூடு ஆறட்டும்னு விட்டு வெச்சிருக்கேன்."

"போடுங்க சார். மறுபடி பார்க்கணும்."

பின் கொஞ்சம் உள்ளே போனது, ஆனாலும் அளவுக்கு மேலேதான் நின்றது. பழுதில்லை. விமானம் நேரத்துக்குக் கிளம்பிப் போயிற்று.

அவர் நேரே சூப்பர்வைசரிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"அதான் ஒண்ணும் ஆகலையே, விடுய்யா."

"ஆகாதது அதிர்ஷ்டம் சார். ஒழுங்கா பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். தெரிஞ்ச பிறகும் எனக்குப் பயம்கூட வரலை. இனிமே என்னை நம்பாதீங்க."

சூப்பர்வைசர் கையை நீட்டினார். அடையாள அட்டையை வாங்கி டிராயரில் போட்டார். "ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே. பொண்ணுகூட இரு."

அக்கா வீட்டுக் கதவை மகள்தான் திறந்தாள்.

"வேலை போயிடுச்சாப்பா?"

"இல்லம்மா, லீவு."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

குத்திக்காட்டவெல்லாம் இல்லை, பாவம். தெரியாமல்தான் கேட்டாள்.