மூன்று மூடி எண்ணெய்

அந்தக் காரை ஆய்க்குடியில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் ஒருவரிடமிருந்து வாங்கினோம். ஊரில் அதற்கு மாப்பிள்ளைக் கார் என்று பெயர். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். பின்சீட்டின் முதுகு மேல் மாப்பிள்ளையை மாலையோடு உட்கார வைத்து ஊர்வலம் விடுவார்கள். சீரியல் விளக்குக் கட்டுவதற்காக அதன் உடம்பெங்கும் துளை போட்டிருந்தார்கள். ஊர்வலங்கள் குறைந்த பிறகு பிளாஸ்டிக் நாற்காலி அடுக்குகளுக்கு நடுவே பல வருடம் கிடந்திருக்கிறது. என் மகள் குனிந்து குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "எம்மா, நூத்திப் பதினாலு ஓட்ட" என்றாள். சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்காகத்தான் வாங்கினேன்.

அவளுக்கு இருபது வயது. சென்னையில் பொறியியல் படிக்கப் போனவள் இரண்டாம் வருடம் பாதியில் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். தேர்வு அறைக்குள் போனால் கை நடுங்குகிறது, தெரிந்ததைக்கூட எழுத முடியவில்லை என்றாள். டாக்டரைப் பார்த்தோம், மாத்திரை சாப்பிட்டாள், நடுக்கம் நின்றது. ஆனால் அறையை விட்டு வெளியே வரவில்லை. "எங் கையில எதுவும் சரியா வராதும்மா" என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னாள். அதை அவள் நம்பிவிட்டாள் என்பதுதான் என் பயம்.

என் கணவர் ராணுவத்தில், வடக்கே இருக்கிறார். போனில் விஷயத்தைச் சொன்னபோது, "டாங்கி வாங்கியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு பயம் வராதுட்டி" என்றார். தெருவில் வேறு மாதிரி கேட்டார்கள். "டீச்சர், மாப்பிள்ள பாத்தாச்சா? காரு மொதல்ல வந்துட்டே!" என்று எதிர்வீட்டு அக்கா வாசல் தெளித்துக்கொண்டே கேட்டாள். என் மகள் ஷெட்டுக்குள்ளிருந்து, "மாப்பிள்ளைக்கும் பட்டி பாத்துக்கிட்டு இருக்கோம்க்கா, துருப்பிடிச்சுக் கெடக்கான்" என்று கத்தினாள். அன்று நான் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

பத்து மாதம் வேலை பார்த்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் சேலையை மாற்றிக்கொண்டு உப்புத்தாளோடு உட்கார்ந்துவிடுவேன். துளைகளை அடைத்துப் பட்டி பூசித் தேய்ப்பது என் வேலை. இயந்திரம், கியர், பிரேக் எல்லாம் அவள். தெரியாததை இலத்தூரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் கேட்பாள். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, எதையும் தொடாமல், வாயால் மட்டும் சொல்லிக் கொடுப்பார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சும்மா இருக்கத் தெரியாதவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பார்த்தேனா என்று மறுபடி பார்ப்பேன். அவள் திரும்பி வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. அவள் முறுக்கிய நட்டுகளை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நான் ஒரு சுற்று முறுக்கிவிடுவேன். சக்கரம் கழன்றுவிடக் கூடாதே என்றுதான். ஒருநாள் சக்கரத்து போல்ட் ஒன்று கையோடு முறிந்து வந்துவிட்டது.

அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சர், நட்டுக்கும் மூச்சு விட எடம் வேணும்லா. கழுத்த நெரிச்சிட்டீங்களே" என்றார்.

என் மகள் சிரிக்கவில்லை. "நான் செய்யுதத நம்பலைனா நீயே செய்யி" என்றாள். மறுநாளிலிருந்து, முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும், அது உட்கார்ந்திருக்கும் தகட்டையும் சேர்த்து, சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தாள். யாராவது திருப்பினால் கோடு விலகிவிடும். பெரிய பட்டறைகளில் செய்கிற வழக்கம்தான் என்று அண்ணாச்சி சொன்னார். எனக்கு அது எனக்காகப் போட்ட கோடு என்று தெரியும். அதன் பிறகு நான் ஸ்பானரைத் தொடவில்லை.

ஜூன் மாதம் வண்டி ஓடியது. தெருவுக்குள் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தோம். வரும் ஞாயிற்றுக்கிழமை கூரையை மடக்கிவிட்டுக் குற்றாலத்து ஐந்தருவி வரை போய் வரலாம் என்று முடிவானது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தருவியிலிருந்து இறங்கும் சாலையும், சீசன் கூட்டமும், அந்தப் பழைய வண்டியின் பிரேக்கும் மட்டுமே மனதில் ஓடின.

வியாழக்கிழமை காலை, அவள் எழும் முன்பு, பானட்டைத் திறந்தேன். எல்லா நட்டுகளிலும் சிவப்புக் கோடு நேராக இருந்தது. எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. கோடு போடாத ஒரே இடம் பிரேக்கின் எண்ணெய்த் தொட்டி. மூடியைத் திருகிப் பார்த்தேன். உள்ளே ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. பக்கத்து அலமாரியில் கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்து, அதன் மூடியால் அளந்து மூன்று மூடி ஊற்றினேன். தொட்டி நிறைந்தது. மூடினேன். வாரத்தில் முதல் தடவையாக அன்று நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன்.

அது எஞ்சின் ஆயில்.

ஞாயிறு காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டோம். கூரையில்லாத வண்டியில் மலை தலைக்கு மேல் வந்து நிற்பது போல இருந்தது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் கை காட்டினார்கள். குற்றாலம் தாண்டி ஏறும்போது அவள், "எம்மா, வண்டி இழுக்கவே மாட்டேங்கு. யாரோ பின்னால புடிச்சு வச்சிருக்க மாதிரி இருக்கு" என்றாள். ஏற்றம் என்பதால் இருக்கும் என்றேன். கருகின வாடை வந்தது. சிப்ஸ் கடையில் எண்ணெய் காய்கிறது என்று நினைத்தேன்.

ஐந்தருவியில் இறங்கி ஒரு டீ குடித்தோம். திரும்பி இறங்கும்போது முதல் வளைவில் மிதித்ததும் பிரேக் பிடித்தது. இரண்டாவது வளைவு தாண்டி, பழக்கடைகள் ஆரம்பிக்கும் இடத்தில், அருவியில் குளித்துவிட்டு ஒரு குடும்பம் ஈரத் துணியோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தது. "எம்மா, கால் உள்ள போகுது. பிரேக் இல்லம்மா" என்றாள். கத்தவில்லை. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கியரைக் குறைத்தாள், கைப்பிரேக்கை இழுத்தாள், ஹாரனை விடாமல் அடித்தாள். எல்லோரும் சிதறி ஓடினார்கள். தோளில் குழந்தையை வைத்திருந்த ஒருவருக்கு மட்டும் எந்தப் பக்கம் நகர்வதென்று தெரியவில்லை. வண்டி அவரை ஒரு முழ இடைவெளியில் தாண்டிப் போய், யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏறி நின்றது.

யாருக்கும் அடி இல்லை. இதை நான் எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்க்கிறேன்: யாருக்கும் அடி இல்லை.

கூட்டம் கூடிவிட்டது. "யாரு இதுக்கெல்லாம் லைசென்சு குடுத்தா?" என்றார் ஒருவர். "ஏலே, இது மாப்பிள்ளக் காருலே! மாப்பிள்ள தப்பிச்சிட்டான் பாரு" என்று இன்னொருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். குழந்தையை வைத்திருந்தவர் திட்டவில்லை. சாலை நடுவிலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் காதைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

வண்டியைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார் அண்ணாச்சி. அன்று மத்தியானமே பிரேக்கின் உருளையைக் கழற்றி உள்ளிருந்த ரப்பரை வெளியே எடுத்தார். "இங்கன பாருங்க டீச்சர். ஊற வச்ச கொண்டக்கடல கணக்கா ஊதிப் போயிக் கெடக்கு. அதான் பிரேக்கு விடாமப் புடிச்சு, சூடேறி, கடைசியில ஒண்ணுமில்லாமப் போயிட்டு. தொட்டியில எஞ்சின் ஆயில் விழுந்துருக்கு. யாரு ஊத்துனது?"

என் மகள் அந்த ரப்பரை வாங்கிப் பார்த்தாள். "நான்தான் அண்ணாச்சி. மாத்தி ஊத்திருப்பேன்." பிறகு, "எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள்.

"சரி விடு தாயி. ரெண்டு பாட்டிலும் பக்கத்துல பக்கத்துல இருந்தா எவனும் மாத்தித்தான் எடுப்பான்."

நான் வாயைத் திறந்தேன். "காப்பி போடுதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பதினொரு நாள் அப்படியே போனது. அவள் காரின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டாள். ஷெட் பக்கமே போகவில்லை. நான் ஒவ்வொரு நாள் காலையிலும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்ததும் நாளைக்கு என்று நினைப்பேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு எது எதில் கரையும், எது எதை ஊற வைக்கும் என்று பாடம் எடுக்கிறவள் நான். இருந்தும் என் மனம் தப்பிக்க ஒரு சந்து தேடிக்கொண்டே இருந்தது. மூன்று மூடியில் என்ன ஆகிவிடும்? ரப்பரே பழையதாக இருந்திருக்கலாம் அல்லவா? கடைசியில் மீதமிருந்த புது ரப்பர்கள் இரண்டை எடுத்துப் போய்ப் பள்ளி ஆய்வகத்தில் இரண்டு பீக்கரில் போட்டேன். ஒன்றில் பிரேக்குக்கு உரியதை ஊற்றினேன், இன்னொன்றில் எஞ்சின் ஆயிலை. நாலாம் நாள் பார்த்தபோது ஒன்று அப்படியே இருந்தது. இன்னொன்று உப்பிக் கொழகொழத்திருந்தது. சந்து எதுவும் இல்லை.

அப்போதும் சொல்லியிருப்பேனா, தெரியாது. அன்று மாலை நாங்கள் கடைக்குக் கிளம்பினோம். பூட்டிவிட்டு நாலு வீடு தாண்டியதும் அவள் நின்றாள். "ஒரு நிமிசம்மா" என்று திரும்பி ஓடிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். வந்தாள். பத்தடி நடந்ததும், "கேஸ மூடுனேனா?" என்றாள். திரும்பிப் போனாள். அவள் கதவைத் திறந்து உள்ளே போவதைத் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் நோயை நான் அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

கடைக்குப் போகவில்லை. நானும் உள்ளே போய், கைப்பையிலிருந்த இரண்டு ரப்பர்களையும் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"ரெண்டும் ஒண்ணு போல உள்ள ரப்பர்தான்" என்றேன். "இது மட்டும் நாலு நாளா எஞ்சின் ஆயில்ல கெடந்துது."

அவள் இரண்டையும் எடுத்து அழுத்திப் பார்த்தாள். "இத எதுக்கு நீ செஞ்ச?"

"தொட்டியில ஊத்துனது நான்தான்ட்டி."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எப்ப?"

"அந்த வியாழக்கெழம காலைல. நீ தூங்கிக்கிட்டு இருந்த."

"எவ்வளவு?"

"மூணு மூடி."

"எதுக்கு?"

"கொறஞ்சிருந்துச்சு."

"கொறச்சுத்தான் வச்சிருந்தேன். சூடானா எண்ணெ ஏறும்லா." ரப்பர்களை மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "பதினோரு நாளா நான் எங் கையையே பாத்துக்கிட்டு இருக்கேன். இது எப்ப ஊத்துச்சு, இது எப்ப ஊத்துச்சுன்னு. பைத்தியம் புடிச்சுட்டுன்னு நெனச்சேன். அண்ணாச்சி கேட்டப்ப நீ எங்கம்மா இருந்த?"

"அங்கனதான் இருந்தேன்."

"காப்பி போடப் போன."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா?" என்றாள். "அப்பவும் நான்தான்னு விட்டிருப்பியா?" இல்லை என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. நான் சொல்வதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். ஷெட்டில் தார்ப்பாயை இழுக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு வாரம் அவள் என்னோடு அளவாகத்தான் பேசினாள். பிரேக்கின் குழாய்கள் அத்தனையையும் கழற்றிக் கழுவி, ஒரு ரப்பர் விடாமல் மாற்றினாள். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு எங்கேயாவது தங்கியிருந்தாலும் ரப்பர் திரும்ப ஊதிவிடும் என்று அண்ணாச்சியிடம் அவள் விளக்கிச் சொல்வது எனக்குக் கேட்டது. அவர் "ஆமா தாயி, ஆமா" என்று மட்டும் சொன்னார். ஷெட்டுக்குள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒருநாள் தட்டை எடுக்கப் போனபோது உள்ளே அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நின்று கேட்காமல் வந்துவிட்டேன்.

நேற்றுக் காலை வண்டி தயார் என்றாள். அதே சாலைக்குத்தான் போக வேண்டும், அதே இறக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றாள். அண்ணாச்சி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டருகே போனேன்.

"நீ வர வேண்டாம்" என்றாள்.

"பின்னால உக்காந்துக்கிடுதேன். வாயத் தொறக்க மாட்டேன்."

"நீ வந்தா கண்ணாடியில உன்னத்தான் பாப்பேம்மா. ரோட்டப் பாக்க மாட்டேன்." அதில் கோபம் இல்லை. நான் செருப்பைக் கழற்றினேன்.

அண்ணாச்சி என் பக்கம் பார்க்காமல் எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பியது. தெருமுனையில் பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது, வளைந்து போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். போனை எடுத்தேன், வைத்தேன். குற்றாலம் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து சாரல் விழ ஆரம்பித்தது. தார் நனைந்தால் வழுக்கும். கேட்டுக்குப் போனேன். உள்ளே வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, அதையும் பார்த்தேன். திரும்பக் கேட்டருகே நின்றபோதுதான் என் கையில் ஸ்கூட்டர் சாவி இருப்பதைக் கவனித்தேன். எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. பின்னாலேயே போனால் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். தூரத்தில் நின்று பார்த்தால் அவளுக்குத் தெரியவும் தெரியாது.

உள்ளே போய்ச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.