போர் என்று எழுதிய கட்டம்

முப்பத்தோராவது வாரத்தில் என் மனைவி வதனி என் ஷூவைப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்க வந்தாள். அவளுடைய செருப்பு எதிலும் கால் நுழையவில்லை. எனக்கு அது பெரிய நகைச்சுவையாகப் பட்டது. ஜர்னல் ஸ்கொயர் நடைபாதையில் நிற்கவைத்துப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கத்தானே செய்யும் என்று எல்லோரும் எழுதினார்கள். இதைப் படிக்கும் கணவன்மாரே, நீங்களும் சிரிப்பீர்கள். சிரித்து முடித்ததும் டாக்டருக்குப் போன் செய்துவிடுங்கள்.

நான் அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு மென்பொருள் சோதிப்பவன். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. கட்டத்தில் இருப்பது உண்மையா என்று பார்ப்பது என் வேலையில் சேராது. முதல்முறை டாக்டரிடம் போனபோது குடும்ப நோய் வரலாற்றை நான்தான் நிரப்பினேன். வதனி யாழ்ப்பாணத்துக்காரி, நான் திருநெல்வேலி. அவள் சொல்ல, நான் எழுத்தர்.

“உங்கம்மா எப்படி இறந்தாங்க?”

“சண்டையிலை.”

“அப்படியே எழுதவா?”

“வேறை என்னத்தை எழுதுறது? எழுதுங்கோ.”

போர் என்று எழுதினேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு என்று கேட்ட எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டேன். என்ன ஆரோக்கியமான பரம்பரை என்று பெருமைகூடப் பட்டேன். தாய் இறந்தபோது வதனிக்கு நாலு வயது.

அது 2006. ஊரில் சண்டை மறுபடி மூண்டிருந்தது. அவள் போன் கார்டும் கையுமாக இருந்தாள். கிடைக்காத எண்களையே திரும்பத் திரும்ப அழுத்துவாள். டாக்டர் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, தலைவலி வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை காலை தலைவலி வந்தது. “நியூஸ் கேட்டதாலை” என்றாள். “நானும் அதான் நினைச்சேன்” என்றேன். எங்கள் வீட்டில் அப்போது எல்லாவற்றுக்கும் சண்டையே காரணம். பால் பொங்கி வழிந்தாலும்கூட.

மதியம் டொராண்டோவிலிருந்து அவளுடைய சின்னம்மா, அம்மாவின் தங்கை, அழைத்தார். வதனி படுத்திருந்ததால் நான் எடுத்தேன். சிரிக்கட்டும் என்று ஷூ கதையைச் சொன்னேன்.

“தம்பி, முகமும் ஊதிக் கிடக்கோ?”

“கொஞ்சம் சதை போட்டிருக்கா, சின்னம்மா.”

“பகிடி விடாமச் சொல்லுங்கோ. கண்ணுக்கு முன்னாலை மின்னுது எண்டவளோ?”

அறைக்குள் போய்க் கேட்டேன். காலையிலிருந்தே மின்னுகிறதாம். அதற்கும் அவள் நியூஸைத்தான் குற்றம் சொல்லியிருந்தாள்.

“அக்காவுக்கும் இப்பிடித்தான்” என்றார் சின்னம்மா. “ரெண்டாவது பிள்ளைக்கு. ஷெல்லடி எண்டு பெரியாஸ்பத்திரி ரோட்டு பூட்டு. வீட்டிலையே வலிப்பு வந்தது. பிள்ளையும் தங்கேல்லை.”

“சண்டையிலனுதானே சொன்னீங்க?”

“சண்டையில்லாட்டி ரோட்டு திறந்திருக்கும். அப்ப சண்டைதானே, தம்பி?”

கார்ச் சாவியைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

அம்மா இறந்த விதத்தைக் காரில் வைத்து வதனியிடம் சொன்னேன். சொல்லாமல் ஓட்ட முடியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருத்துவமனையில் அழுத்தம் 172/112. சிறுநீரில் புரதம். ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகம், கல்லீரல், மூளை வரை தாக்கும் நிலை, முற்றினால் வலிப்பு வரும்). உடனே மக்னீசியம் சல்ஃபேட் (வலிப்பைத் தடுக்க நரம்பு வழியே ஏற்றும் மருந்து) தொங்கவிட்டார்கள். உடம்பெல்லாம் எரிகிறது என்றாள் வதனி.

எங்கள் டாக்டர் சென்னைக்காரர். “அம்மாவுக்கு இருந்ததுன்னு தெரிஞ்சிருந்தா ஆரம்பத்துலேர்ந்தே இன்னும் க்ளோஸா பாத்திருப்பேன்” என்றார்.

“ஃபார்ம்ல போர்னு எழுதினேன், டாக்டர்.”

“பாத்தேன். நானும் அதுக்கு மேல கேக்கல.”

வதனி தலைக்கு மேல் தொங்கிய பையைப் பார்த்தாள். “டொக்டர், இது அங்கை இருந்திருந்தா அம்மா தப்பியிருப்பாவோ?”

“சான்ஸ் இருந்திருக்கும்மா. அபூர்வமான மருந்து இல்ல இது.”

அவர் போன பிறகு வதனி சொன்னாள்: “இவ்வளவு காலமும் நான் குண்டு போட்ட பொம்பரோடை கோவிச்சுக்கொண்டிருந்தன். இனி ஆரோடை கோவிக்கிறது?”

“என்மேல கோவி. பக்கத்துலதான் இருக்கேன்.”

சிரிக்க முயன்றாள். நாக்கு குழறியது. அது மருந்தால் என்றார் நர்ஸ். அதற்குள் நான் டாக்டரைத் தேடி வாசல்வரை ஓடியிருந்தேன்.

அன்று மாலையே அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். ஆயிரத்து நானூறு கிராம். நான் வாங்கும் சர்க்கரைப் பொட்டலம் அதைவிடக் கனம். ஆறு வாரம் இன்குபேட்டரும் குழாய்களுமாகப் போயின. பிள்ளை வெளியே வந்ததும் நோய் முடிந்துவிடும் என்று நம்பாதீர்கள். வதனியின் அழுத்தம் இறங்கப் பல வாரம் ஆனது. வீட்டுக் கருவி புஸ்ஸென்று காற்று விடும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். அவள் நெற்றியைத் தொட்டால் எழுந்து நிற்பேன். “ஈ இருந்ததப்பா” என்பாள்.

குறைமாதப் பிள்ளைக்கு இரண்டு வயதுக் கணக்கு. பிறந்த நாளிலிருந்து ஒன்று, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஒன்று (இதைத் திருத்திய வயது என்கிறார்கள்). பிறந்திருக்க வேண்டிய அந்த நாளும் ஒருவழியாக வந்தது. மகளுக்கு அன்று இரண்டு மாதம், பூஜ்ஜியமும்கூட. வதனி அவளை மடியில் போட்டுக்கொண்டு சின்னம்மாவிடம் பேசினாள். இறந்தபோது அம்மாவுக்கு இருபத்திரண்டு என்று கேட்டறிந்தாள். இவளுக்கு இருபத்துநாலு.

“நான் அம்மாவிலும் பார்க்க மூத்தவளாப் போட்டன்” என்றாள் போனை வைத்துவிட்டு. “இனி எனக்கு வாற நரையும் முழங்கால் நோவும் அவவுக்கு வராதது. அம்மாவுக்கு எப்பிடியிருந்தது எண்டு ஆரைக் கேக்கிறது?”

அவள் குனிந்து மகளிடம் சொன்னாள்:

“நீ என்னைக் கேள், என்ன. எல்லாத்தையும் கேள். நான் உள்ளதைச் சொல்லுவன்.”