அலகைத் தட்டும் பல் வைத்தியர்

அவர் பல் வைத்தியர். எந்த மரவாத்தையும் வாங்குமுன் அதன் அலகை நகத்தால் தட்டிக் காது கொடுப்பார். பறந்துபோகும் நிஜ வாத்துகளை ஏய்த்துத் தண்ணீரில் இறங்கவைக்க வேட்டைக்காரர்கள் கையால் செதுக்கி ஏரியில் மிதக்கவிட்ட பழைய வாத்துகள் அவை. கனடாவின் ஸ்காபரோவில் அவற்றைச் சேர்க்கும் தமிழர் நாங்கள் இருவர்தான். ஒருவர் போதும் என்பது என் எண்ணம்.

அன்று ஏரிக்கரை வீடொன்றில் பழைய சாமான் விற்றார்கள். நான் கண் வைத்திருந்த வாத்தை அவர் வாங்கி, நேரே கொண்டுபோய் ஏரியில் விட்டார். பொறுக்கமுடியாமல் பின்னால் போனேன்.

“பெயின்ற் கழண்டு போயிடும், டொக்டர்,” என்றேன். கழன்று போகட்டும் என்றுதான் மனம் வேண்டியது.

“வேட்டைக்குச் செய்ததெண்டால் நிமிர்ந்து மிதக்கும். சோடனைக்குச் செய்தது பிரண்டுபோம். நீங்கள் உங்கடையளை விட்டுப் பாக்கிறேல்லையோ?”

“நான் கண்ணாடி அலுமாரியில வச்சிருக்கிறன்.”

அதற்குள் நிஜ வாத்தொன்று நீந்தி வந்து, நிமிர்ந்து மிதந்த அவருடைய வாத்தை உரசிக்கொண்டு நின்றது.

வீடு திரும்பியதும் குளியல் தொட்டியை நிரப்பி, என்னிடமிருந்ததில் விலை கூடிய வாத்தை விட்டேன். அது வயிற்றை மேலே காட்டி மிதந்தது. எடுத்துத் துடைத்து, அலகை நகத்தால் தட்டிக் காது கொடுத்தேன்.

அந்த மனிதருக்கு அதில் என்னதான் கேட்கிறதோ.