பெட்ரோல் விலை குறையும்

பக்கத்து வீட்டுப் பையன் ஏன் அந்தப் போருக்குப் போனான்? இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. என் கணவரிடம் இருந்தது. அதுதான் வினையானது.

வளைகுடாப் போர் தொடங்கிய குளிர்காலம். அப்போதும் நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இதே வீட்டில்தான் குடியிருந்தோம். நான் வேலையிலிருந்து திரும்பும்வரை எங்கள் நான்கு வயது மகளைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி. ரசம் சாதத்தை ஆறவைத்து ஊட்டக்கூடப் பழகியிருந்தார். அவருடைய ஒரே மகன் பாலைவனத்தில் இருந்தான்.

ஒரு மாலை எங்கள் வாசல் மரத்தில் கட்டுவதற்கு மஞ்சள் ரிப்பன் கொண்டுவந்தார். போனவர்கள் நல்லபடியாகத் திரும்ப வேண்டுமென்று தெருவெல்லாம் கட்டியிருந்தார்கள். உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். மகள் ஓடிப்போய் அவர் மடியில் ஏறிக்கொண்டாள். டிவியில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

தமிழில் பேசினால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதுபோல என்று எங்களுக்கெல்லாம் ஒரு நினைப்பு. கடையிலும் லிஃப்டிலும் அப்படித்தான் பேசுவோம். முகத்தில் அனுதாபம் மாறாமல் கணவர் சொன்னார்:

"எல்லாம் எண்ணெய்க்குத்தான்டி. இந்தம்மா பையன் வந்தாலும் வராட்டியும் நமக்குப் பெட்ரோல் விலை குறையும், பாரு."

"சும்மா இருங்களேன்."

"அவங்களுக்கு என்ன புரியப்போகுது?"

என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா புன்னகையோடு கேட்டார். உங்கள் மகனுக்காக வேண்டிக்கொள்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், வாயில் வருவது ஆங்கிலம். அப்பா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் அவளை மடியிலிருந்து இறக்கிவிட்டார். மெதுவாகத்தான் இறக்கினார். ரிப்பனை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தட்டினேன். ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை.

பையன் திரும்பி வந்தான். கை கால் எல்லாம் சரியாக இருந்தன. காலையில் காரில் ஏறுவான், எஞ்சின் ஓடும், கார் நகராது. பிறகு அம்மா வந்து சாவியைத் திருகி அணைத்து, அவனை உள்ளே கூட்டிப்போவார். அது இன்றும் நடக்கிறது.

ஒருமுறை பெட்ரோல் பங்கில் அந்த அம்மாவின் கார் எனக்கு அடுத்து நின்றது. நியூ ஜெர்சியில் நாமே நிரப்பிக்கொள்ளக் கூடாது. ஆள் வந்து நிரப்பும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் கண்ணாடியை இறக்கி, விலைப் பலகையைக் காட்டி, "குறைந்துவிட்டது, உன் கணவரிடம் சொல்" என்றார். எனக்குப் போகவும் வழியில்லை.

இப்போது மகளுக்குப் பத்து வயது. அந்தப் போர் ஏன் வந்தது, எதை விட்டுப்போனது என்று போய்வந்த ஒருவரைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள் பள்ளியில்.

"மா, நெக்ஸ்ட் டோர் அங்கிள் போனாரில்ல? ஐ வில் ஆஸ்க் ஹிம்."

அந்த மாலை அவளுக்கு நினைவில்லை.

"போகட்டுமே, குழந்தைதானே" என்கிறார் கணவர்.

சொல்லாமல் அனுப்பினால் அந்த அம்மா வாசலிலேயே சொல்லிவிடுவார். நானே சொன்னால் தன் வாயால் வந்ததை இவள் எப்படித் தாங்குவாள்? போகாதே என்றால் ஏன் என்பாள். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள். நான் என்ன செய்யட்டும்?