செலினா அக்கி எழுத விடவில்லை

செலினா அந்தத் துணியை முறுக்கிப் பிழிவதில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார். பழைய வேட்டியில் கிழித்த மெல்லிய துண்டு. பானைத் தண்ணீரில் நனைத்து, சொட்டாத பதம் வந்ததும் முதலில் கண்களுக்குக் கீழே, பிறகு கன்னங்களில், கடைசியாக மூக்கின் மேல் ஒற்றுவார். தேய்க்க மாட்டார். ஐஸ் கிடையாது. கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கும் எல்லோர் கண்ணெதிரிலும், தன் டீக்கடை வாசலில் நின்றுதான் செய்வார்.

அவருக்கு ரோசேசியா. முகம் சிவந்து பருக்கள் கிளம்பும். காலையில் கன்னமும் இமையும் வீங்கிவிடும். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பூசிய களிம்பு முதலில் அடக்கி, பிறகு ஜாஸ்தியாகக் கிளப்பிவிட்டது. கள்ளக்குறிச்சி தோல் டாக்டர் அதை நிறுத்தினார். வேறு மருந்து கொடுத்து, வெயிலும் அடுப்பனலும் ஆகாது என்றார்.

"அடுப்ப வுட்டா சோத்துக்கு எங்க சார் போறது?" என்று கேட்டுவிட்டு வந்த செலினா, ஆவி முகத்தில் அடிக்காதபடி பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் வைத்தார். தலையை உயர்த்திப் படுத்தார். காரத்தை விட்டார். கடையை விடவில்லை.

ஊர் இதற்கு அக்கி என்று பெயர் வைத்தது. தொற்றிக்கொள்ளும் என்றார்கள். கரும்பு வெட்டப் போகிறவர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நகர்ந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

முந்தின நாள் கல்யாண வீட்டு வெயிலில் நின்றதில் ஒரு திங்கட்கிழமை காலை வீக்கம் ரொம்ப மோசம். கணவர் சிங்கராயர் பயந்துபோய் இருசப்பனை அழைத்துவந்தார். இருசப்பன் பானை செய்கிறவர். அக்கி கண்டவர்களுக்குக் காவியைக் குழைத்துக் கோழி இறகால் மேலே எழுதுகிறவர்.

"உக்காரு செலினா. எழுதிக்கினா ஜனங்களுக்கு ஒரு தெம்பு. நாளைக்கே டீக்கு வந்துடுவாங்க" என்றார் சிங்கராயர்.

"அக்கி இல்லன்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும்தான பக்கத்துல உக்காந்துகினு இருந்தீங்க?"

"இருந்தேன். டீ குடிக்க டாக்டரா வரப்போறாரு?"

எதிர்க்கடைக்கு மாறிவிட்ட பழைய வாடிக்கைக்காரர் ராஜாங்கம் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "எழுதிக்கம்மா! இன்னா கொறஞ்சிடப் போவுது?"

செலினா அந்தப் பக்கம் திரும்பினார். "நான் எழுதிக்கினா அக்கிதான்னு நானே ஒத்துக்கின மாதிரி, ராஜாங்கண்ணே! ஊரு சொல்ற பொய்ய எம் மூஞ்சில எழுத வுடமாட்டன். நீ டீய வாயால குடிக்கிறியா, எம் மூஞ்சியால குடிக்கிறியா?"

செலினா கடைப் பெஞ்சு ஓரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நான் சிரிப்பை அடக்கப் பார்த்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். இருசப்பன் காவிக் கிண்ணத்தைத் துணியால் மூடினார்.

"சக்கரை கம்மியா எனக்கு ஒண்ணு போடும்மா."

டம்ளர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, சிந்தாமல் ஊற்றினார் செலினா. எழுதுகிறவரே குடிக்கிறாரே என்று கரும்பு வெட்டும் ஆட்கள் இருவர் சாலையைக் கடந்து வந்தார்கள். ராஜாங்கம் வரவில்லை. அவர் வர அடுத்த மாதம் ஆயிற்று.

பிறகொரு நாள் சிங்கராயர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அந்தக் காலையில் செலினாவுக்கு ஒரு கண் திறக்கவே இல்லை, இன்னொன்றில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. எதிர்க்கடையில் நின்றது ராஜாங்கத்தோடு நாலைந்து பேர்தான். ஊரே திரண்டு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் அப்படிப் பேசினாராம்.