ஆளா மூட்டையா

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அவள் லென்ஸ். பாட்டில் கம்பெனியில் சேர்ந்த இரண்டாவது வாரம், ஓடுகிற பட்டையிலிருந்து ஒரு பாட்டிலை எட்டி எடுத்துக் கழுத்தில் கீறல் இருக்கிறது என்றாள். மேஸ்திரி வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் தெரியவில்லை. நகத்தால் தடவிய பிறகுதான் நம்பினார். "இதென்ன கண்ணா, லென்ஸா?" என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கல்யாணமான மறுநாள் கணவனே அப்படித்தான் கூப்பிட்டான்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். நாலு பேர் கூடினால் ஐந்தாவதாக வாய் திறக்க மாட்டாள். பேச்சில் விட்டதையெல்லாம் பார்வையில் பிடித்துக்கொள்கிற பிறவி. பத்தொன்பது வருஷம் ஒரே பெஞ்சில், வெள்ளை விளக்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டில் பார்த்தாள். கழுத்தில் கீறல், வயிற்றில் குமிழி, அடியில் மெலிசு. இவ்வளவுதான் பார்க்க வேண்டியது. நிமிஷத்துக்கு அறுபது பாட்டில்.

அந்தப் பெஞ்சில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. சந்தேகமான பாட்டிலை நல்லதிலும் போடக் கூடாது, உடைசலிலும் போடக் கூடாது. இடது கைப் பக்கம் இருப்பவளிடம் நீட்டி "பாரு" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்வதுதான் முடிவு. எதிர்த்துப் பேசக் கூடாது. நாளைக்கு அந்தப் பாட்டில் எங்கேயாவது வெடித்துக் கேள்வி வந்தாலும் பழி ஒருத்தி தலையில் விழாது, இரண்டு பேராகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். லென்ஸுக்கே தினம் இரண்டு மூன்று பாட்டில் இடது பக்கம் போகும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நெட்டையக்கா. ஆறடிக்கு இரண்டு விரற்கடை குறைவு. பெஞ்சு அவளுக்குப் பொருந்தாமல் முழங்கால் எப்போதும் பலகையில் இடித்துக்கொண்டிருக்கும். "என்னை அளந்து யாருடி மேசை பண்ணுவான், மாப்பிள்ளை கிடைக்கவே அஞ்சு வருஷம் ஆச்சு" என்பாள்.

ஒரு திங்கட்கிழமை கம்பெனிக் கதவில் பூட்டுத் தொங்கியது. பிளாஸ்டிக் வந்துவிட்டது, கண்ணாடியை யாரும் சீண்டவில்லை. அதற்குப் பிறகு ஊர் ஒவ்வொரு கடையாகக் கண்ணை மூடியது. முதலில் தையல் கடை, பிறகு செருப்புக் கடை, பிறகு மருந்துக் கடை. நாளுக்கு ஆறு தடவை வந்த பேருந்து இரண்டாகக் குறைந்தது. கை கால் நன்றாக இருந்த ஆண்பிள்ளைகள் வெளியூர் போனார்கள். நெட்டையக்காவின் கடைசி மகனும் கட்டிட வேலைக்குப் போனான். வீட்டில் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நாலு வருஷம் கழித்து அந்தப் பெரிய கம்பெனி வந்தது. உலகத்தில் பாதிப் பேர் கையில் இருக்கிற போனில் அவர்கள் சரக்குதான் ஓடுகிறது என்றார்கள். பழைய பாட்டில் கம்பெனியின் பேக்கிங் கொட்டகையை எடுத்து, குளிர்சாதனம் வைத்து, சாம்பல் நிறக் கம்பளம் ஒட்டி, முந்நூறு நாற்காலி போட்டார்கள். ரிப்பன் வெட்டினார்கள். இனி ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று டீக்கடைக்காரன் இரண்டு பெஞ்சு புதிதாக வாங்கிப் போட்டான். பாட்டில் பார்த்த பெண்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு எடுத்ததுதான் எல்லோருக்கும் ஆச்சரியம்.

"கம்ப்யூட்டர்ல வேலை செய்யப் போறியா நீ?" என்றான் லென்ஸின் கணவன்.

"படம் பாக்கற வேலையாம்."

"படம் பாக்கறதுக்குச் சம்பளமா? அப்ப எனக்கு அவன் எவ்வளவு பாக்கி வெச்சிருக்கான்?"

ஒரு மாதம் அவன் அந்தச் சிரிப்பை ஊரெல்லாம் விநியோகம் செய்தான். பிறகு நிறுத்திவிட்டான். அவள் சாப்பிட உட்கார்ந்து தட்டைப் பார்த்தபடியே இருப்பது வழக்கமாகிப் போயிருந்தது.

வேலை இதுதான். உலகம் முழுக்க ஜனங்கள் படம் பிடித்துப் போடுகிறார்கள். அதில் கூடாதது இருந்தால் சிவப்பை அழுத்த வேண்டும், படம் போய்விடும். கூடும் என்றால் பச்சை. கூடாதது என்ன என்று பதினோரு பக்கப் பட்டியல் கொடுத்தார்கள். மனிதன் சாகிற படம் கூடாது. சுவர் விழுவது, வண்டி கவிழ்வது, ஆள் சாகாமல் இருந்தால் கூடும். வெளியே வாய் திறக்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போனை வாசலில் ஒரு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். மேற்பார்வைக்கு வெளியூர்ப் பெண் ஒருத்தி. வாய்க்கு முன்னால் சதா ஒரு ஒலிவாங்கி நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது நாளே அவளுக்கு மைக்கு மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது.

முதல் வாரம் லென்ஸ் இரண்டு தடவை கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். மூன்றாவது வாரம் ஒரு உபாயம் கண்டுபிடித்தாள். முகத்தைப் பார்க்கக் கூடாது. பாட்டிலுக்கு ஏது முகம்? கழுத்து, வயிறு, அடி. இங்கேயும் அப்படித்தான்: அசைகிறதா, ரத்தம் இருக்கிறதா, எழுந்திருக்கிறதா. முகம் வரும்போது கண் தானாக ஓரத்துக்கு விலகப் பழகிவிட்டது. இந்த வித்தையை நெட்டையக்காவுக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

"எனக்கு வராதுடி. ஆளைப் பாத்தா மூஞ்சியத்தானே பாப்போம்" என்றாள் நெட்டையக்கா.

இங்கேயும் அவள்தான் லென்ஸுக்கு இடது பக்கம். ஆனால் பழைய நெட்டையக்கா இல்லை. சின்னவன் போன் செய்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதுவரை வாரம் தவறாமல் பேசியவன். அவனைக் கூட்டிப் போன காண்ட்ராக்டரைக் கேட்டால், "சொல்லாம கொள்ளாம ஓடிட்டான்மா, எந்தப் பொண்ணு பின்னாடி போனானோ" என்றான். நெட்டையக்கா அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. ஓடினவன் என்றால் உயிரோடு இருக்கிறான் என்றுதானே அர்த்தம். இடைவேளை மணி அடித்ததும் அந்த நெட்டைக் காலை எட்டிப் போட்டு முதல் ஆளாக இரும்புப் பெட்டிக்குப் போவாள். போனைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பி வருவாள்.

அது ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. லென்ஸின் திரையில் ஒரு படம் வந்தது. பாதி எழும்பிய கட்டிடம், சாரம், மேலே ஏழெட்டுப் பேர். யாரோ ஒருவன் கீழே நின்று எடுத்திருக்கிறான். சாரம் ஒரு பக்கம் சாய்கிறது. எல்லோரும் உள்பக்கம் தாவிவிட்ட மாதிரிதான் தெரிகிறது. வெளிப்பக்கமாக மட்டும் ஏதோ ஒன்று விழுகிறது. அப்புறம் புழுதி. படத்துக்கு மேல் எவனோ ஒரு சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்திருந்தான்.

விழுந்தது ஆள் என்றால் சிவப்பு. சிமெண்ட் மூட்டை என்றால் பச்சை. லென்ஸ் மறுபடி ஓட்டினாள். தெரியவில்லை. இன்னொரு தடவை. தெரியவில்லை. கை தன் பாட்டுக்குத் திரையைப் பிடித்து இடது பக்கம் திருப்பியது.

"அக்கா, பாரு. ஆளா மூட்டையா?"

தன் திரையை அடுத்தவருக்குக் காட்டக் கூடாது என்பது பதினோரு பக்கத்தில் முதல் பக்கத்திலேயே இருந்தது. பத்தொன்பது வருஷக் கைக்கு அது தெரியவில்லை. நெட்டையக்காவும் எப்போதும் பாட்டிலை வாங்குகிற மாதிரி குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஒரு தடவை ஓட்டினாள். இன்னொரு தடவை ஓட்டி, நடுவில் நிறுத்தினாள்.

"மூட்டை இல்ல" என்றாள். "ஆளுதான்."

லென்ஸ் சிவப்புக்குக் கையைக் கொண்டு போனாள். நெட்டையக்கா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடி. சின்னவன்."

லென்ஸ் அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். நின்றிருந்த படத்தில் ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, கம்பத்தில் சாய்ந்து நின்றான். அம்மாவுக்காகப் பாட்டில் கம்பெனி வாசலில் காத்திருக்கும்போதெல்லாம் அப்படித்தான் நிற்பான். அவள் கண்ணெதிரே வளர்ந்த பையன். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை.

திரை நாலு நிமிஷம் அசையாமல் நின்றதால் மைக்கு மேடம் வந்துவிட்டாள். என்ன என்று கேட்டாள். நெட்டையக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "என் புள்ளைங்க மேடம்" என்றாள். அந்தப் பெண் ஒரு கணம் ஒலிவாங்கியை வாயிலிருந்து விலக்கினாள். அதற்குள் அதில் யாரோ ஏதோ சொன்னார்கள். அவள் தலையாட்டிவிட்டுக் குனிந்து, தானே சிவப்பை அழுத்தினாள். அடுத்த படம் வந்தது. யாரோ பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நடந்தது நடை மட்டும்தான். போலீஸ் நிலையத்தில் எழுத்தர், "படம் எங்கம்மா? அதைக் கொண்டு வாங்க" என்றார். கம்பெனியில், போலீஸ் கடிதம் வந்தால் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவோம் என்றார்கள். காண்ட்ராக்டர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். எந்த ஊர், எந்தக் கட்டிடம், யார் எடுத்தது, ஒன்றும் தெரியாது. லென்ஸ் போலீஸ் எழுத்தருக்கு முன்னால், வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்காமலே வாய் திறந்தாள். சாரத்தில் எத்தனை குறுக்குக் கம்பு, பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டி என்ன நிறம், சுவரில் எத்தனை ஜன்னல், ஒன்று விடாமல் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். "ஜன்னலை வெச்சு ஊரைக் கண்டுபிடிக்க முடியுமாம்மா?" என்று கேட்டது கிண்டலாகக்கூட இல்லை, அயர்ச்சியாகத்தான் இருந்தது.

திரையைக் காட்டியதற்கு லென்ஸுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டு பேரையும் வேறு வேறு வரிசையில் உட்கார வைத்தார்கள். நெட்டையக்கா இனி வர மாட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் நாலாம் நாள் வந்தாள்.

அதற்குக் காரணம் மைக்கு மேடம்தான். கம்பெனியில் கேட்கப் போன இரண்டு பேரிடமும் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டாள். "ஒரு தடவை எடுத்துட்டா போயிடாதும்மா. கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் நிறம் மாத்தித் திரும்பத் திரும்பப் போடுவாங்க. யார் சீட்டுக்கு வேணா வரும். உங்களால முடியாதுன்னா வேலையை விட்டுடுங்க."

லென்ஸ் அதைக் கேட்ட நாளிலிருந்து வேகம் எடுத்தாள். அந்தப் படம் நெட்டையக்காவின் நாற்காலிக்குப் போகக் கூடாது. முந்நூறு பேருக்குப் பிரிந்து போகிற வெள்ளத்தில் தான் இரண்டு பங்கு குடித்தால், அது தன் பக்கம் விழ வழி உண்டு என்று கணக்குப் போட்டாள். தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் மூடினாள். அந்தச் சாரம் வந்தால் தெரிந்த மறுகணம் சிவப்பு. மாதக் கடைசியில் மிக வேகமான பணியாளர் என்று அவள் படத்தைச் சுவரில் ஒட்டிக் கைதட்டினார்கள். கைதட்டல் முடியும்வரை அவள் தரைக் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நெட்டையக்கா எதிர்த்திசையில் போனாள். ஒவ்வொரு படத்தையும் கடைசிவரை பார்த்தாள். அவள் எண்ணிக்கை பாதியாக விழுந்தது.

"நீங்க கொஞ்சம் சொல்லுங்க. இப்படியே போனா அவங்கள வெச்சுக்க மாட்டாங்க" என்று மைக்கு மேடம் லென்ஸை அனுப்பினாள்.

மாடிப்படித் திருப்பத்தில் நெட்டையக்கா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். லென்ஸ் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் வேகமா தள்ளிவிடேன். எல்லாத்தையும் எதுக்கு முழுசா பாக்கற?"

"எனக்கு இதுவரைக்கும் ரெண்டு தடவதான் வந்துச்சு" என்றாள் நெட்டையக்கா. "உனக்கு?"

லென்ஸுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "பதினொண்ணு."

"பதினொண்ணா."

கீழே யாரோ சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்கள்.

"சாரம் சாயறதுக்கு முன்னால ஒரு தடவ திரும்பிப் பாக்கறான். படம் எடுக்கறவனப் பாத்துச் சிரிக்கறான். நீ பாத்தியாடி?"

"இல்லக்கா."

"நீ எங்க பாப்ப, உனக்கு அவசரம். நான் அந்தச் சிரிப்பு வரைக்கும்தான் பாக்கறேன். அதுக்கு மேல பாக்கறதில்ல. நானே எடுத்துடறேன்." அவள் லென்ஸின் பக்கம் திரும்பவே இல்லை. குரலும் உயரவில்லை. "எனக்கு வர வேண்டியதையெல்லாம் நீ வாரிக்கிட்டுப் போனா எப்படிடி?"

லென்ஸ் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வரை கை மெதுவாகத்தான் ஓடியது. மறுநாளும் அப்படியே. அடுத்த மாதம் சுவரில் வேறொரு பெண்ணின் படம் இருந்தது. உடம்புக்கு என்ன என்று மைக்கு மேடம் கேட்டபோது கண் மங்குகிறது என்றாள். கம்பெனி செலவிலேயே கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் பூச்சி மாதிரிச் சின்ன எழுத்தையெல்லாம் படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அவள் யாரிடமும் காட்டவில்லை.

நெட்டையக்காவை மாதம் முடியும்வரை வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் ஒருநாள், வேலை விட்டு வெளியே வந்து பேருந்துக்கு நடக்கும்போது அவள் லென்ஸின் தோளைத் தொட்டாள்.

"இன்னைக்கு வந்தான்டி" என்றாள்.

"எப்பக்கா?"

"சாப்பாட்டுக்கு முன்னால."

லென்ஸ் தலையாட்டினாள். பேருந்து இன்னும் வந்திருக்கவில்லை. இரண்டு பேரும் டீக்கடைக்காரன் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவனும் போன வாரமே கடையை மூடிவிட்டிருந்தான்.