குணம் கன்பராவுக்குப் போகாத கதை

1. ஒரு கேள்வி

கட்சி அனுப்பிய வேட்பாளர் போமில் ஒரு கேள்விக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. வேறு எந்த நாட்டின் பிரஜாவுரிமையாவது உங்களுக்கு உண்டா? டூங்கபியில் எங்கள் மசாலா இறக்குமதி ஸ்டோரின் ஒஃபிஸ். எதிர்க் கதிரையில் முதலாளி குணம் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். கொண்டெய்னர் போமோ, பிள்ளையின் பள்ளிக்கூடப் போமோ, நான் நிரப்புவேன். அவன் கையெழுத்து வைப்பான். நான் மனேஜராக இருந்த இருபத்திரண்டு வருடமும் இதே வழக்கம்.

"வேற நாட்டுச் சிற்றிசன்ஷிப் இருக்கோ எண்டு கேக்கிறாங்கள்."

"இல்லையெண்டு போடு மச்சான். இஞ்ச சிற்றிசனாச் சத்தியம் செய்த அண்டைக்கே அதெல்லாம் போச்சுது."

அவன் பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டான். ஆறு வருடத்துக்கு முன், யாழ்ப்பாணத்தில் தகப்பனின் காணியைத் தன் பெயருக்கு மாற்றுவதற்காக இலங்கையின் இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்திருந்தான். அந்தப் போமையும் நான்தான் நிரப்பினேன். எங்கள் ஆட்களில் பலர் அதைக் காணிப் பேப்பர் என்றே நினைத்திருக்கிறார்கள். காணி கைக்கு வந்ததும் அலுமாரியில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். குணத்தின் பத்திரம் என் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலுமாரியில் கிடந்தது.

இந்த நாட்டுச் சமஷ்டிச் சட்டப்படி இரண்டு நாட்டுப் பிரஜை கன்பரா நாடாளுமன்றத்துக்கு நிற்க முடியாது. மாநில நாடாளுமன்றத்துக்கு அந்தத் தடை இல்லை. எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் 'இல்லை' என்று எழுதினேன்.

2. வயிற்றெரிச்சல்

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து உங்களை ஏமாற்ற மாட்டேன்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு கராஜில் மிளகாய்த்தூள் பைக்கற் கட்டத் தொடங்கினோம். "ஃபக்டரி வேலையை விட்டிட்டு வாடா, கொம்பனி துவங்குவம்" என்றான். எனக்குப் பயம். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனபோது கொம்பனி அவனுடையதாகியிருந்தது, நான் மனேஜர். பிழை என்னுடையது என்று தெரிந்ததால்தான் இன்னும் கூடுதலாக எரிந்தது.

அவன் மேடையில் பேசியதெல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. கைதட்டு அவனுக்கு. ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு நான் தனியாகப் போனால் வாசலிலேயே கேட்பார்கள்: "குணம் அண்ணை வரேல்லையோ?" தேர்தல் நோட்டீசில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் எடுத்தபோது, அவனுடைய கோட்டை நான் கையில் பிடித்துக்கொண்டு கமராவுக்குப் பின்னால் நின்றேன். இவனுக்கு எம்.பி. பதவி ஒரு கேடு என்று மனதுக்குள் திட்டினேன்.

3. அலுமாரி

நாலு மாதம் போனது. நொமினேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது குணத்தின் மனைவி சுமதி நோட்டீஸ் பெட்டியோடு ஸ்டோருக்கு வந்தா.

"சிவா அண்ணை, நீங்கள் இருக்கிறியள் எண்ட தைரியத்திலதான் இவர் இதில இறங்கினவர்," என்று சொல்லிவிட்டு எனக்கு வடை தந்தா.

அந்த வடையைக் கடிக்காமல் கடதாசியில் சுற்றி வைத்தேன். வென்றபிறகு யாராவது கிண்டி எடுத்தால் அவன் கோர்ட்டில் நிற்பான், பதவி போகும், ஊரே சிரிக்கும். சுமதி போனதும் அலுமாரியைத் திறந்து பத்திரத்தை அவன் மேசையில் வைத்தேன்.

"இது காணிப் பேப்பர் எல்லே?"

"காணிக்காக எடுத்த சிற்றிசன்ஷிப், குணம். இதோட நீ நிக்கேலாது."

"இப்ப எழுதிக் குடுத்துக் கைவிடலாம்தானே?"

"கொழும்பில இருந்து கடிதம் வர மாதக்கணக்கா எடுக்கும்."

அவன் பத்திரத்தை இரண்டு தரம் வாசித்தான். "உனக்கு எப்ப ஞாபகம் வந்தது?"

"போம் நிரப்பின அண்டைக்கே."

"அண்டைக்கே சொல்லியிருந்தா நேரம் இருந்திருக்குமே. ஏன்டா?"

"நீ வெல்லுறதைப் பாக்க எனக்கு ஏலாமல் இருந்தது."

கத்துவான் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கியிருப்பேன். அவன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

4. மண்டபம்

அந்த ஞாயிறு, தேர்தல் வேலைக்கு வந்த எங்கள் சனம் எல்லாம் மண்டபத்தில் கூடியிருந்தது. குணம் கையில் பேப்பர் இல்லாமல் மைக்கைப் பிடித்தான். நான் கதவோரம் இருந்தேன். நான் செய்ததை எல்லாருக்கும் முன்னால் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"நான் நிக்கேல்லை. பிழை என்ர. காணிக்காக எடுத்த சிற்றிசன்ஷிப்பை மறந்து போனன். சிவா பாத்துச் சொன்னபடியால் கோர்ட்டுக்குப் போகாமல் தப்பியிருக்கிறன். அவருக்கு எல்லாரும் ஒருக்காக் கைதட்டுங்கோ."

சனம் எழும்பி நின்று தட்டியது. சுமதியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினா. நான் மறைத்ததை அவவுக்கும் அவன் சொல்லவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அவன் மட்டும் என் பக்கம் திரும்பவேயில்லை.

பிறகு அவன் மாநிலத் தேர்தலில் நின்று வென்றான். இப்போது அவனுடைய போம்களை வேறு யாரோ நிரப்புகிறார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன்.

ஒஃபிஸ் வேலைக்குப் போகும் பிள்ளைகளே, கண்ணில் பட்ட பிழையை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிந்திச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் நான் எழும்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு கையையும் கூப்பி, நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அந்தக் கைதட்டு எனக்கு இனித்தது.